றெக்கோடர், மெலோடிக்கா பழகிற சின்னப் பிள்ளையளுக்கு ஊதமுதல் என்ன பயிற்சி குடுக்கலாம்?

ஒட்டுசுட்டான்_ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஆரம்பப் பாடசாலையில தரம் 3, 4, 5 பிள்ளையளை வைச்சு சின்னதா ஒரு மேலைத்தேய வாத்தியக் குழு தொடங்கியிருக்கு. றெக்கோடர் (நேராப் பிடிச்சு ஊதுற பிளாஸ்ரிக் குழல்) 14, மெலோடிக்கா (ஊதிக்கொண்டு கட்டையை அமத்தி வாசிக்கிறது) 6, ட்றம்பெற் 2. நான் படிச்சது வாய்ப்பாட்டு. சுருதி, தாளம் சொல்லிக்குடுக்கலாம். ஊதுற வாத்தியம்தான் எனக்குப் புதுசு. வாற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு அணிநடைப் பாட்டு ஊத வேணும்.

இப்ப இருக்கிற சிக்கல் இவ்வளவும்:

றெக்கோடர் பிள்ளையள் பாதிப்பேருக்குக் கீச்செண்டு சத்தம் வருகுது. பத்து நிமிசம் ஊதினாப் பிறகு சில றெக்கோடர் அடைச்சமாதிரிப் போகுது. காலமை ஓரளவு சேருற றெக்கோடரும் மெலோடிக்காவும் மத்தியானம் சேருதேயில்லை. ஒரே விரல் படத்தைப் பாத்துத்தான் எல்லாரும் ஊதினம், ஆனா எஃப் சுரம் மட்டும் நாலு பேருக்குப் பிழைக்குது.

வீட்டில எவ்வளவு நேரம் ஊதச் சொல்லலாம் எண்டும் தாய்மார் கேக்கினம். தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ.

கிளிநொச்சி_பாண்ட்:

ரீச்சர், பாட்டில தொடங்காதேங்கோ. பாட்டைக் கேட்டவுடன பிள்ளை முழு மூச்சையும் அதுக்குள்ள தள்ளும். கீச்சுச் சத்தத்தில பெரும்பங்கு அதாலதான் வாறது. "பலமா ஊது" எண்ட சொல்லை முதல் மாதம் வாயில எடுக்கவே வேண்டாம். றெக்கோடருக்குத் தேவை மெல்லிய, நீட்டான, ஒரே சீரான மூச்சு.

ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிசத்தை இப்பிடி வைச்சுப் பாருங்கோ.

வாத்தியத்தைக் கீழ வைச்சிட்டு எல்லாரும் எழும்பி நிக்கட்டும். கையை இடுப்பில வைச்சு, சுவர் மணிக்கூட்டின்ர செக்கன் முள்ளைப் பாத்து நாலு எண்ணுக்கு மூச்சு இழுக்கிறது, எட்டு எண்ணுக்கு "ஸ்ஸ்" எண்டு விடுறது. இடுப்பில வைச்ச கை வெளிய தள்ளுப்பட வேணும், தோள் எழும்பக் கூடாது. நாலு தரம் காணும். ஒரு கிழமைக்குப் பிறகு எட்டைப் பன்னிரண்டாக்கலாம். ஆருக்கும் தலை சுத்தினால் உடன இருத்தி வழமைபோல மூச்சு விடச் சொல்லுங்கோ. கெதியாக் கெதியா ஆழமா இழுத்தால் அப்பிடி வரும்.

அடுத்தது கடதாசி. அப்பியாசக் கொப்பித் தாளில கால்வாசியைக் கிழிச்சு, மேல் விளிம்பில பிடிச்சு, வாயில இருந்து ஒரு சாண் தூரத்தில தொங்கவிட வேணும். ஊதேக்க தாள் சரிஞ்சு, சரிஞ்ச இடத்திலயே ஆறு எண்ணுக்கு நிக்க வேணும். படபடத்தால் மூச்சு வெட்டி வெட்டி வருகுது. மேல எழும்பிப் பறந்தால் மூச்சு கூடிப்போச்சு. பிள்ளைக்கு இதைக் கண்ணால காட்டினால் பிறகு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மூண்டாவதா றெக்கோடரின்ர தலைப்பகுதியை மட்டும் கழட்டி எடுத்து, கீழ்வாயை உள்ளங்கையால மூடி ஊதுறது. பதிஞ்ச, உருண்ட சத்தம் வர வேணும். கையை எடுத்தால் சத்தம் மேல போகும். மூடினபடி நாலு எண்ணு, கீச்சு வராமல். இதில கீச்சு வந்தால் விரலைக் குறை சொல்லேலாது, ஏனெண்டால் விரலே இன்னும் வரேல்லை. மூச்சுத்தான் காரணம் எண்டு உடன பிடிபடும்.

இதிலயே நாக்கையும் பழக்குங்கோ. ஒவ்வொரு சுரத்தையும் "து" எண்டு தொடங்க வேணும். நாக்கு நுனி மேல் முன்பல்லும் முரசும் சேருற இடத்தைத் தொட்டு விட்டாச் சரி. "டு" எண்டு சொன்னால் எங்கட பிள்ளையளுக்கு நாக்கு பின்னுக்கு வளைஞ்சிடும், சத்தம் இடிச்சுக்கொண்டு வரும். "ஹூ" எண்டு நெஞ்சால தொடங்கிற பிள்ளையும் இருக்கும். அதுகின்ர சுரம் எல்லாம் அரை எண்ணு பிந்தித்தான் வரும்.

பிறகுதான் முழு வாத்தியம். பீ, ஏ, ஜீ மூண்டு சுரம் மட்டும், ஒவ்வொண்டும் நாலு எண்ணு ஊதி நாலு எண்ணு ஓய்வு. 14 பேரை ஏழேழாப் பிரிச்சு, ஒரு பக்கம் ஊதேக்க மற்றப் பக்கம் கேக்கட்டும். ஓய்வும் கிடைக்கும், காதும் பழகும்.

இனி விரல். முழுச் சத்தமும் வரவேண்டிய இடத்தில கீச்சு வந்தால், பிள்ளையை ஜீ சுரத்தில நிப்பாட்டி ஊதவிட்டு, நீங்கள் ஒவ்வொரு விரலையும் மேலால மெதுவா அமத்திப் பாருங்கோ. எந்த விரலை அமத்தேக்க சத்தம் சீராகுதோ அதுதான் ஒழுகிற ஓட்டை. அநேகமா இடக்கை மோதிர விரலாத்தான் இருக்கும், இல்லாட்டிப் பின்பக்கப் பெருவிரல். இன்னொரு சோதினை: ஓட்டைகளைப் பத்து எண்ணு இறுக்கிப் பொத்திவிட்டு விரலைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்கோ. விரலின்ர சதைப் பகுதியில முழு வட்டம் பதிஞ்சிருக்க வேணும். அரைவட்டமா இருந்தால், இல்லாட்டி வட்டம் நகத்துக்குக் கிட்ட நுனியில இருந்தால், விரலை உள்ளுக்குத் தள்ளி நீட்டி வைக்க வேணும். வட்டம் சரியா வந்த பிறகு இறுக்கிப் பிடிக்கிறதை விட்டிடச் சொல்லுங்கோ. இறுக்கினால் விரல் ஓடாது.

வவுனியா_குழல்:

எஃப் சுரம் நாலு பேருக்கு மட்டும் பிழைப்பது பிள்ளைகளின் குற்றமில்லை. உங்களிடம் இரண்டு வகை றெக்கோடர் கலந்து கிடக்கிறது: ஜேர்மன் விரலமைப்பு, பரோக் விரலமைப்பு.

முன்பக்க ஓட்டைகளை மேலிருந்து எண்ணுங்கள். ஐந்தாவது ஓட்டை நாலாவதைவிடச் சின்னதாக இருந்தால் ஜேர்மன். நாலாவது ஐந்தாவதைவிடச் சின்னதாக இருந்தால் பரோக். யமஹா என்றால் பின்பக்கம் இலக்கம் இருக்கும்: வை.ஆர்.எஸ். 23 ஜேர்மன், வை.ஆர்.எஸ். 24பீ பரோக். ஜேர்மனில் எஃப் எடுக்கப் பெருவிரலோடு முன்பக்கம் முதல் நாலையும் மூடினால் போதும். பரோக்கில் அதோடு ஆறாவதையும் ஏழாவதையும் சேர்த்து மூட வேண்டும், ஐந்தாவது திறந்திருக்கும். ஜேர்மன் முதலில் இலகுவாகத் தெரியும், ஆனால் எஃப் ஷார்ப் சுத்தமாக வராது. இனி வாங்குவதென்றால் பரோக் மட்டும் வாங்குங்கள். இப்போதைக்கு ஜேர்மன் வைத்திருப்பவர்களின் குழலில் சின்ன நிறப்பட்டி ஒட்டி, அவர்களுக்குத் தனி விரல் படம் கொடுத்தால் குழப்பம் தீரும்.

நீங்கள் வாய்ப்பாட்டு ஆசிரியர் என்பதால் ஒன்று சொல்ல ஆசை. சரளி வரிசை என்ற ஆரம்ப சுரப் பயிற்சியை மாயாமாளவகௌளை ராகத்தில் றெக்கோடரில் தொடங்க வேண்டாம். சீ-யை ஸட்ஜமாக, அதாவது ஸ-வாக வைத்தால் சுத்த ரிஷபத்துக்கு அரை ஓட்டை மூட வேண்டும், சுத்த தைவதமும் குறுக்கு விரலில்தான் வரும். எட்டு வயது விரலுக்கு அது வேலையில்லை. ஜீ-யை ஸட்ஜமாக வையுங்கள். ஜீ, ஏ, பீ மூன்றும் ஸ ரி க ஆகிவிடும். வலக்கை விரல்கள் பழகியதும் கீழ் டீ, கீழ் ஈ இரண்டும் மந்தர பஞ்சமம், மந்தர தைவதம், அதாவது கீழ் ஸ்தாயி ப, த. ஐந்தும் சேர்ந்தால் மோகனம். பிள்ளைகள் ஏற்கெனவே பாடிப் பழகிய ராகம் என்பதால் பிழையான சுரம் வந்தால் அவர்களுக்கே காது கூசும்.

தினமும் ஒரே வரி: ஸ ரி க ரி ஸ, பிறகு ஸ த ப த ஸ. முதலில் பாட வேண்டும், அடுத்து ஊதாமல் விரலை மட்டும் ஓட்டிப் பாட வேண்டும், கடைசியில் ஊத வேண்டும். கீழ் ஈ-யிலும் டீ-யிலும் மூச்சை இன்னும் தளர்த்தச் சொல்லுங்கள், கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவதுபோல. கீழே போகப் போகப் பிள்ளை பயத்தில் பலமாக ஊதும். அப்போது சுரம் ஒரு ஸ்தாயி மேலே பாய்ந்துவிடும்.

சின்னக் கைக்கு வலக்கைச் சின்னி விரல் எட்டாவிட்டால் அடிப்பகுதியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிவிடுங்கள். எல்லா ஓட்டையும் நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

மாங்குளம்_திருத்தகம்:

மத்தியானம் சேராததுக்கு நான் சொல்லுறன்.

றெக்கோடருக்குள்ள ஓடுறது காத்து. காத்து சூடானால் ஒலி வேகம் கூடும், சுருதி ஏறும். 10 பாகை ஏறினால் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில மூண்டில ஒரு பங்கு ஏறும். குழலுக்குள்ள பாதி பிள்ளையின்ர மூச்சுச் சூடு எண்டபடியால் கணக்குக்குக் கொஞ்சம் குறைய வரும், ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் வித்தியாசம் நல்லாக் கேக்கும். மெலோடிக்காவில சத்தம் குடுக்கிறது உலோக நாக்கு, அதாவது உள்ளுக்குள்ள அதிருற மெல்லிய தகடு. அது சூட்டில ஏறாது, இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கும். மூச்சிலும் இதே கதைதான்: பலமா ஊத றெக்கோடர் சுருதி ஏறும், மெலோடிக்கா சுருதி இறங்கும். ஆகப் பிள்ளையள் களைச்சுப்போய் வேர்த்து விறுவிறுக்க உரத்து ஊதேக்க ரெண்டும் எதிரெதிராப் போகும். எல்லாரையும் அரைவாசிச் சத்தத்தில ஊதச் சொன்னாலே பாதி சரிவரும்.

மிச்சத்துக்கு, மெலோடிக்காவை அசைக்கேலாது, அதைப் பிடிச்சு றெக்கோடரை இறக்க வேணும். மெலோடிக்காவில ஏ கட்டையை நீட்டி ஊதவிட்டு, றெக்கோடரின்ர தலையை 2 மில்லிமீற்றர் வெளிய இழுங்கோ. கூடினது 3. அதுக்கு மேல போனால் பீ, ஏ மாதிரி மேல் சுரங்கள் கூட இறங்கும், கீழ் சீ அவ்வளவு இறங்காது. குழல் தனக்குள்ளயே சுருதி கெட்டுப்போம். இதை வகுப்புத் தொடங்கின உடன செய்யாதேங்கோ. ஐஞ்சு நிமிசம் ஊதிச் சூடாகின பிறகுதான் செய்ய வேணும்.

பத்து நிமிசத்தில அடைக்கிறது எச்சில் இல்லை, மூச்சில இருக்கிற ஈரம். சூட்டு மூச்சு குளிர்ந்த பிளாஸ்ரிக்கில பட்டுத் தண்ணியாகி, வாயிலிருந்து வெட்டு வாசலுக்கு (தலைப்பகுதியின்ர முன்பக்கத்தில சத்தம் பிறக்கிற வெட்டு) போற ஒடுக்கமான பாதையில நிக்குது. மார்கழி, தைக் காலமையில கூடவா இருக்கும். ஊதமுதல் தலைப்பகுதியை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில மூண்டு நிமிசம் பொத்தி வைச்சிருக்கட்டும். மூச்சுப் பயிற்சி நடக்கேக்க கக்கத்தில வைச்சாலும் சரி. அடைச்சால் வெட்டு வாசலை உள்ளங்கையால மெதுவா மூடி ஒருக்கா ஊதித் தள்ளினால் தண்ணி போயிடும். அந்த வெட்டின்ர கூர் விளிம்பை விரலாலயோ துணியாலயோ தேய்க்கக் கூடாது. அடிக்கடி அடைக்கிற குழலுக்கு, பாத்திரம் கழுவுற திரவம் ஒரு பங்கு, தண்ணி மூண்டு பங்கு கலந்து ஒரு துளி பாதைக்குள்ள விட்டுக் காயவிடுங்கோ. தண்ணி துளியா நிக்காமல் பரவி ஓடும்.

எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியையும் சொல்லத்தான் வேணும். கேத்தில் அடியில வெள்ளையாப் படியுற அதே சுண்ணாம்பு குழலுக்குள்ளயும் படியும். கிழமைக்கு ஒருக்கா மூண்டு துண்டாக் கழட்டி, இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சம் சவர்க்காரத் திரவம் விட்டுப் பத்து நிமிசம் ஊறவிட்டுக் கழுவுங்கோ. கொதிதண்ணி ஊத்தினால் நெளியும். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணியில. பாடசாலையில வடிகட்டி இருந்தால் 14 குழலுக்கும் ஒரு வாளி காணும். வெள்ளை ஏற்கெனவே படிஞ்சிருந்தால் வினாகிரியும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து பதினைஞ்சு நிமிசம். பாதைக்குள்ள ஈர்க்கு விட்டுக் குத்திறது கனபேரின்ர பழக்கம். அது பிளாஸ்ரிக்கைக் கீறிப்போடும், பிறகு அந்தக் குழல் நல்ல சத்தம் தராது. கழுவிக் காயவைச்ச கோழியிறகு விட்டு எடுத்தாக் காணும்.

வெளியில பழக்கிறதெண்டால் காத்துக்கு முதுகு காட்டி நிக்கச் சொல்லுங்கோ. சோளகமோ வாடையோ, வெட்டு வாசலில நேர அடிச்சால் றெக்கோடர் சத்தம் அறுந்து அறுந்துதான் வரும். மெலோடிக்காவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்:

மிச்சம் நன்றி. இண்டைக்கு ஓட்டையளைப் பாத்தன், அந்த நாலும் ஜேர்மன்தான். ட்றம்பெற் ரெண்டையும் பற்றி ஆராவது சொல்லுங்கோ. தரம் 5 பிள்ளையள் ரெண்டு பேர். மெலோடிக்காவோட சேத்தால் சுரமே வேறயா வருகுது. வால்வும் இறுக்கம், தேங்காயெண்ணெய் போடலாமோ எண்டு கேட்டவை.

கிளிநொச்சி_பாண்ட்:

தேங்காயெண்ணெய் வேண்டாம் ரீச்சர், தையல் மெசின் எண்ணெயும் வேண்டாம். தடிச்சுப் பிசினாகி வால்வு பாதியில நிக்கும். ட்றம்பெற் வால்வு ஒயில் எண்டே விக்கினம். ஒவ்வொரு வால்வுக்கும் மூண்டு நாலு துளி. வால்வை ஒண்டொண்டாத்தான் கழட்ட வேணும். 1, 2, 3 எண்டு இலக்கம் வெட்டியிருக்கும், மாறிப் போட்டால் காத்தே போகாது. இழுக்கிற குழாய்களுக்கு மட்டும் வசலீன் பூசலாம். ஊதுவாய் இறுகினால் குறட்டால திருகாதேங்கோ, குழாய் முறுகும். வாத்தியம் திருத்திறவையிட்ட அதுக்கெண்டு இழுவைக் கருவி இருக்கு.

சுரம் மாறுறது ட்றம்பெற் பீ பிளாட் வாத்தியம் எண்டபடியால். அது ஏ எண்டு ஊதினால் மெலோடிக்காவில ஜீ கேக்கும். ட்றம்பெற்காரருக்கு எல்லாச் சுரத்தையும் ஒரு முழுச்சுரம் கூட்டி எழுதிக் குடுங்கோ. சேர்ந்து பழக நல்ல சுரம்: மெலோடிக்காவும் றெக்கோடரும் ஜீ, ட்றம்பெற் ஏ, அதாவது 1ம் 2ம் வால்வு அமத்தி.

பயிற்சி வேற மாதிரி. முதல்ல பிள்ளையின்ர மேல் முன்பல் நாலும் நிரந்தரப் பல்லோ எண்டு பாருங்கோ. ஆடுற பல்லோட ஊதுவாயை வைக்க விடக்கூடாது. மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு உதட்டை மாட்டுக்குக் கூப்பிடுற மாதிரி "ப்ர்ர்" எண்டு தளர்த்திறது, ஒரு நிமிசம் ஊதுவாயை மட்டும் வைச்சு அதிரவைக்கிறது, பிறகு வால்வு அமத்தாமல் நடு ஜீ எட்டு எண்ணு, நாலு தரம். அங்கயிருந்து எஃப், ஈ, டீ, சீ எண்டு கீழ இறங்க வேணும். மேல ஏறுறது முதல் மாதம் வேண்டாம். ஊதின அளவுக்கு ஓய்வு: ஒரு நிமிசம் ஊதினால் ஒரு நிமிசம் வாத்தியம் மடியில.

உதட்டில சிவப்பு வளையம் ஆழமாப் பதிஞ்சு பத்து நிமிசத்துக்கும் மறையாமல் நிண்டால் அமத்திறது கூட. வலக்கைச் சின்னி விரலைக் கொளுவியில இருந்து எடுத்து மேல வைக்கச் சொல்லுங்கோ. அந்தக் கொளுவியைப் பிடிச்சு இழுத்துத்தான் பிள்ளையள் உதட்டில அமத்திறது. பாரம் முழுக்க இடக்கையில இருக்க வேணும்.

முறிகண்டி_அம்மா:

என்ர மகளும் இப்பிடியொரு குழுவில மெலோடிக்கா. வீட்டில எவ்வளவு நேரம் வைக்கிறது? பிள்ளைக்கு இழுப்பும் இருக்கு, ஊத விடலாமோ?

வவுனியா_குழல்:

அக்கா, எட்டு, ஒன்பது வயதுக்கு ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தரம், கிழமைக்கு ஐந்து நாள். ஒரேயடியாக முக்கால் மணித்தியாலம் இருத்தினால் கடைசிப் பாதியில் பிழையைத்தான் மனப்பாடம் செய்யும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் போகட்டும். இனிப்புத் தேத்தண்ணி குடித்திருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். சீனி உள்ளே போனால் உலோக நாக்கில் ஒட்டும்.

உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. மூன்றைக் கவனியுங்கள்: தோள் எழும்புதா, கன்னம் உப்புதா, ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் தடக்குதா. தடக்கினால் பாட்டை முதலில் இருந்து ஊதச் சொல்லாதீர்கள். தடக்கிற இடத்துக்கு இரண்டு சுரம் முன்னால் தொடங்கி இரண்டு சுரம் பின்னால் நிறுத்தி, பாதி வேகத்தில் ஐந்து தரம். பிறகு சேர்த்து ஊதட்டும்.

இழுப்பு உள்ள பிள்ளையும் ஊதலாம். ஆனால் முதலில் கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள், இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், மூச்சுப் பிடிக்கிற நாளில் ஊத வேண்டாம். தூசியுள்ள மைதானத்தில் பழக்கினால் ரீச்சரிடம் சொல்லி வகுப்பறைக்குள் இருத்துங்கள்.

மாங்குளம்_திருத்தகம்:

மெலோடிக்கா எண்டபடியால் ரெண்டு விசயம். ஊதி முடிச்சவுடன அடிப்பக்கத் தண்ணிப் பொத்தானை அமத்திப் பிடிச்சு, ரெண்டு மூண்டு தரம் பலமா ஊதி ஈரத்தை வெளிய தள்ள வேணும். இதைச் செய்யாட்டி ஒரு தவணைக்குள்ள நாக்குகள் பச்சை பிடிக்கத் தொடங்கும். குழாயும் ஊதுவாயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. ரீச்சர், ஆறு மெலோடிக்காவை ரெண்டு கூட்டமாப் பாவிச்சால் பன்னிரண்டு செற் வாங்குங்கோ. குழாயைச் சவர்க்காரத் தண்ணியில கழுவிச் செங்குத்தாத் தொங்கவிட்டால்தான் உள்ளுக்குக் காயும். மூடின ஓட்டோவுக்குள்ளயோ வெயில்படுற யன்னல் கரையிலயோ வாத்தியத்தை விடாதேங்கோ.

ஒரு கட்டை சத்தம் வராட்டி அந்தக் கட்டையை அமத்திப் பிடிச்சுப் பலமா ஊதி, வாத்தியத்தைக் கவிட்டு உள்ளங்கையில மெதுவாத் தட்டுங்கோ. அநேகமாத் தூசிதான், போயிடும். போகாட்டிப் பின் மூடியின்ர ஆணியைக் கழட்டி, அந்த நாக்கின்ர நுனிக்குக் கீழ மெல்லிய கடதாசித் துண்டொண்டை விட்டு ஒருக்கா வெளிய இழுக்கலாம். ஊசி, பிளேட் வைச்சு நாக்கைத் தூக்கினால் சுருதி மாறிப்போம், பிறகு அதைத் திருத்த ஆள் வேணும்.